மாயவன் சிப்பாயின் சாமான்கள்

கிடாயை ஒரே வெட்டில் சாய்ப்பதற்கு ஆலத்திடலில் அரசப்பனை விட்டால் ஆள் கிடையாது. குடவாசலிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதை ஒப்புக்கொண்டு போவார்கள். ஆடி கடைசி வெள்ளியன்று மேலத்தெரு வீரனாருக்குப் படையல். கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அடுத்த நொடி தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். தலை போனது தெரியாமல் கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடப் பார்க்கும். சாமி மேலத்தெருப் பெரியவர் துரைக்கண்ணு வீட்டுச் சாமி, கத்தி துரைக்கண்ணு வீட்டுக் கத்தி, கை மட்டும் கீழத்தெருக் கை. வெட்டி முடித்து, கத்தியை வாய்க்காலில் கழுவி, இரண்டு கைகளிலும் ஏந்தி துரைக்கண்ணுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளில் போட்ட புது வேட்டியோடு அரசப்பன் வீட்டுக்கு வரும் நடை இருக்கிறதே, கலெக்டர் கெட்டார் போங்கள். பூட்டன் ஐயாவு காலத்திலிருந்து வரும் மரியாதை அது. வெட்டு மரியாதை என்றே அதற்குப் பெயர்.

அந்த மரியாதையைக் கண்டாலே மகள் செம்மொழிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் திருவாரூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெட்டும் குத்துமாக வருகிறவர்களுக்குக் கட்டுப்போட்டே பாதி வயது போய்விட்டது அவளுக்கு. ஊராருடைய கிடாயை வெட்டுவதில் என்ன பெருமை என்று அப்பாவிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். அரசப்பன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைவார். மனிதருக்குக் கோபம் என்ற ஒன்றே கிடையாதோ என்று வீட்டில் சந்தேகம் உண்டு.

வீட்டின் மொத்தக் கோபத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தவன் தம்பி பரிதி. நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன். கை நீட்டிவிட்டுத்தான் காரணம் யோசிப்பான். போன வருஷம் டீக்கடையில் ஒருவன் தாடையைப் பெயர்த்துவிட்டு ஜாமீனில் வந்தான். அந்தக் கேஸ் இப்போதுதான் சமாதானமாகி முடிந்திருந்தது. சிங்கப்பூர் வேலைக்கு எல்லாம் தயாராகி, அடுத்த மாதம் விமானம். இன்னொரு கேஸ் விழுந்தால் அவன் வாழ்க்கை அதோடு சரி.

கெட்ட நேரத்துக்கு, அந்தக் காசைத் துலக்கியவனும் அவன்தான். வீரனார் கழுத்தில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன ஒரு வெள்ளிக் காசு தொங்கும். அம்மன் காசு என்று மேலத்தெருப் பெண்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். படையலுக்கு முன் சாமியின் ஆயுதங்களைப் புளி போட்டுத் துலக்குவது வெட்டுக்காரர் வீட்டு வேலை. இந்த முறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று பரிதி போனான். அவன் தேய்த்த தேய்ப்பில் அம்மன் வெளியே வந்தாள். கிரீடம் வைத்த வெள்ளைக்காரச் சீமாட்டி. விக்டோரியா மகாராணி. அது காசே இல்லை, பட்டாளத்து மெடல். அதன் விளிம்பில் ஆங்கில எழுத்தில் சிப்பாய் ஒருவரின் பெயர் வெட்டியிருந்தது. மாயவன்.

கீழத்தெருவில் மாயவனைத் தெரியாத குழந்தை கிடையாது. ஐயாவுவின் அண்ணன். மெட்ராஸ் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவர். சண்டையில் கால்கள் இரண்டும் போய், ஊருக்குத் திரும்பி, சாகிறவரைக்கும் தவழ்ந்தே கிடந்தவர். வாய்க்கால் கரையில் அவரைப் புதைத்த மேட்டில் வருஷா வருஷம் சுருட்டும் சாராயமும் வைத்துப் படைப்பார்கள். வைப்பதற்கு அவருடைய சாமான் என்று ஒரு துரும்பும் இருந்ததில்லை. பஞ்சத்தில் விற்றுத் தின்றுவிட்டார்கள் என்றே சொல்லி வந்தார்கள். வீரனார் கோயில் கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கள் பாட்டனார் ரங்கூனில் வாங்கியது என்பார் துரைக்கண்ணு. யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

பரிதி கேட்டான். காசைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டுக் கேட்டான். மேலத்தெருவில் கல் பறந்தது, கீழத்தெருவில் ஒரு பைக் எரிந்தது. கடைசியில் தாலுகா ஆபீசில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். துரைக்கண்ணு வயசானவர், நெஞ்சுவலிக்காரர். “மாயவன் சாமான் எங்க வீட்டுல என்னென்ன கெடக்கோ எல்லாத்தயும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். இந்த வருஷப் படையல மட்டும் அரசப்பன் முடிச்சுக் குடுத்துரட்டும்” என்றார். அரசப்பனும் சரி என்றார். துரைக்கண்ணுவின் மகன் ராஜராஜன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செம்மொழிக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை புறப்படும்போது அம்மா அம்சம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“சாமான் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. தம்பி கையில ரத்தம் படாம கூட்டிட்டு வந்துருடி.”

“நான் பாத்துக்கறேம்மா” என்றாள் செம்மொழி. சாமான்களைக் கட்டி எடுத்துவர ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜராஜன் தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் அவனுடைய ரைஸ்மில் ஆட்கள் சும்மா நிற்கிற மாதிரி நின்றார்கள். சும்மா நிற்கிறவர்களுக்குக் கம்பு எதற்கு என்று செம்மொழி நினைத்தாள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் எதிரே கோயில் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வா அரசப்பா. உன் பாட்டன் சொத்த எடுத்துக்க” என்றான் ராஜராஜன். அப்பாவுக்கு அவனைப் போல இரண்டு மடங்கு வயது.

முதலில் பூட்ஸ். மாட்டுக் கொட்டகை வாசலில், திருஷ்டிக்காகக் கட்டிய பழைய விளக்குமாற்றோடும் பூசணிக்காயோடும் அது தொங்கியது. செம்மொழி சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள், பூட்ஸ் என்றே தெரிந்ததில்லை. அவ்வளவு காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு ஆள் அதைத் துரட்டியால் அறுத்துவிட, ஜோடியாகச் சாணியில் விழுந்தது. மில் ஆட்கள் சிரித்தார்கள். பரிதி குனிந்து எடுத்தான். தன் சட்டையைக் கழற்றி அதைக்கொண்டு துடைத்தான். அவன் கழுத்து நரம்பு துடிப்பதை செம்மொழி பார்த்தாள்.

“பரிதி, என்னப் பாரு. சிங்கப்பூர நெனச்சுக்க” என்றாள் மெதுவாக.

அடுத்தது கோட்டு. நெல் கொட்டும் பத்தாயத்தின் அடியில் எலி ஓட்டையை அடைக்கத் திணித்திருந்தார்கள். இழுத்தபோது பாதி கையோடு வந்தது, பாதி ஓட்டையிலேயே நின்றது. சிவப்பு என்று சொன்னால்தான் சிவப்பு. அப்புறம் ஒரு பித்தளைச் சொம்பு. அது நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சொம்பு. ராஜராஜன் அதைக் காலால் தள்ளிவிட்டான். உருண்டு வந்து விரிப்பின் ஓரத்தில் நின்றது. பரிதியின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் முறுகியது. அவளுக்கு வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொம்பை எடுத்து விரிப்பில் வைத்தாள்.

“காசும் கத்தியும்?” என்று கேட்டாள்.

“வெட்டு முடியட்டும்” என்றான் ராஜராஜன்.

அரசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் முன்னால் போய் நின்றார். துரைக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தபடி மடியிலிருந்த கத்தியை எடுத்து நீட்டினார். அரசப்பன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீளக் கைப்பிடி, கொஞ்சமாக வளைந்த அலகு, பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. இந்த ஊர்க் கொல்லன் அடித்தது இல்லை என்று குருடன்கூடச் சொல்லிவிடுவான். பர்மாக்காரன் ஒருவனின் கையிலிருந்து மாயவன் பிடுங்கிக்கொண்டு வந்த கத்தி. அந்த பர்மாக்காரன் என்ன ஆனான் என்று கேட்க வேண்டியதில்லை.

தண்ணீர் தெளித்தார்கள். கிடாய் சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார்கள். அது அரசப்பனையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை ராஜராஜன் குடத்தோடு எடுத்து அதன் தலையில் கவிழ்த்தான். அப்படி ஊற்றினால் எந்தக் கிடாய்தான் சிலுப்பாது. கத்தி மேலே போனதைத்தான் செம்மொழி பார்த்தாள், கீழே வந்ததைப் பார்க்கவில்லை. தலை மண்ணில் விழுந்து கண்ணைச் சிமிட்டியது. கழுத்திலிருந்து ரத்தம் பீய்ச்சி, முன்னால் நின்ற பெண்களின் பாதம்வரை தெறித்தது. காது அடைக்க மேளம் அடித்தார்கள்.

அரசப்பன் வாய்க்காலுக்குப் போனார். கத்தியைக் கழுவினார். இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் நேராக துரைக்கண்ணுவிடம் போய்க் குனிந்து, கத்தியை அவர் மடியில் வைத்துவிட்டார். துரைக்கண்ணுவும் வழக்கம்போல ஒரு புது வேட்டியை அரசப்பன் தோளில் போட்டார்.

“அப்பா” என்றாள் செம்மொழி.

அரசப்பன் திரும்பினார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. எடுத்துக்கொண்டு போக வந்த கத்தியைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு நிற்கிறார். ஒரு வாழ்நாள் பழக்கம் அது. கால் தானாகப் போயிற்று, கை தானாக நீண்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து செம்மொழி தம்பியின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ராஜராஜன் கையைத் தட்டிச் சிரித்தான். “பாத்தீங்களா எல்லாரும். அவனே குடுத்துட்டான். யாரும் புடுங்கல. கத்தி கோயிலுக்குத்தான்.”

“பேச்சு மாறாதீங்க. தாலுகா ஆபீசுல ஒத்துக்கிட்டது” என்றாள் செம்மொழி.

“எங்கப்பா ஒத்துக்கிட்டாரு. நான் ஒத்துக்கல.” அவன் அரசப்பன் பக்கம் திரும்பினான். “இத எடுத்துக்கிட்டுப் போயி மேட்டுல வச்சுக் கும்புடப் போறியா? உங்க மாயவனுக்குக் கால் எங்க போச்சுன்னு தெரியுமா உனக்கு? பர்மாவுலன்னுதான சொல்லி வச்சிருக்கீங்க.”

“ராஜா, வேண்டாம்டா” என்றார் துரைக்கண்ணு.

“இருங்கப்பா, தெரிஞ்சுக்கட்டும். பட்டாளத்துலேர்ந்து ரெண்டு காலோடதான் வந்தான். அந்த பூட்ஸப் போட்டுக்கிட்டு எங்க தெருவுல டக்கு டக்குன்னு நடந்து வந்தான். புடிச்சு இந்த இலுப்ப மரத்துல குப்புறக் கட்டுனாங்க. அவன் தம்பி, உன் பூட்டன் ஐயாவுவக் கூட்டிட்டு வந்து, அண்ணன் கத்தியவே கையில குடுத்து, குதிகால வெட்டுடா, இல்லன்னா ரெண்டு பேரையும் இதே மரத்துல தொங்கவிடுறோம்னாங்க. வெட்டுனான். ஒரே வெட்டு. ரெண்டு குதிகாலும். எங்க பூட்டனுக்கு அந்தக் கை புடிச்சுப்போச்சு. வருஷா வருஷம் கிடா வெட்ட இவனே வரட்டும்னு வேட்டி குடுத்து அனுப்புனாரு.” அவன் அரசப்பனின் தோளில் கிடந்த புது வேட்டியைக் கம்பு நுனியால் தூக்கிக் காட்டினான். “அந்த வேட்டிதான் இது.”

மேளம் நின்றுவிட்டது. அரசப்பன் துரைக்கண்ணுவைப் பார்த்தார்.

“நெசமாங்கய்யா?”

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார்.

“உங்களத்தாங்கய்யா கேக்கறேன். நெசமா?”

“எங்கப்பா சொல்லியிருக்காரு” என்றார் துரைக்கண்ணு. “உன்கிட்ட எப்படிச் சொல்றது அரசப்பா.”

அதற்குள் பரிதி அவள் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பாய்ந்துவிட்டான். பந்தல் காலில் வாழை வெட்டிய அரிவாள் ஒன்று செருகியிருந்தது. அவன் குறி அதுதான். செம்மொழி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். இருவருமாக மண்ணில் புரண்டார்கள். மில் ஆட்கள் காத்திருந்தது இதற்குத்தான். கம்புகள் இறங்கின. ஒன்று அவள் தோளில் விழுந்து, எலும்பு விட்டுப்போனதுபோல வலித்தது. ஒன்று பரிதியின் முதுகில் விழுந்தது, இன்னொன்று காதோரத்தில். அவன் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. அப்போதும் அரிவாளை நோக்கியே ஊர்ந்தான். அவளும் விடவில்லை. அடி வாங்கிச் செத்தாலும் சரி, இவனை அரிவாளைத் தொடவிடுவதில்லை என்று அவன் மேலேயே படுத்துக்கொண்டாள்.

“வுடுக்கா. வுடு. அவன் தலைய எடுக்காம போமாட்டேன்.”

“உன்ன விடமாட்டேன்டா. என்னக் கொன்னுட்டுப் போ.”

மண்ணோடு மண்ணாகக் கிடந்தபடி, கால்களுக்கு நடுவே அவள் அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கூச்சலில் அவர் ஒருவர்தான் நிதானமாக நடந்துகொண்டிருந்தார். துரைக்கண்ணுவின் நாற்காலி முன்னால் போய்ச் சற்றே குனிந்து, எப்போதும்போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

“கத்தியக் குடுங்கய்யா.”

துரைக்கண்ணு கொடுத்தார். அவருக்கும் அது வாழ்நாள் பழக்கம். நீட்டிய அந்தக் கைகளில் கத்தியை வைத்தே பழகியவர், வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். அதற்குள் அரசப்பன் திரும்பிவிட்டார்.

ராஜராஜன் நாற்காலிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பரிதியின் விலாவில் உதைக்கக் காலைத் தூக்கியிருந்தான். ஊன்றி நின்ற இன்னொரு காலின் குதிகாலுக்கு மேலே கத்தி இறங்கியது. இறுக்கிக் கட்டிய கயிறு அறுந்தால் வருமே, அந்தச் சத்தம் செம்மொழிக்குக் கேட்டது. அவன் அப்படியே மடிந்து விழுந்தான். முதலில் ஒன்றும் புரியாமல் காலைப் பார்த்தான். பாதம் தனியாகத் தொங்கியது. அப்புறம்தான் அலறினான். கிடாயின் ரத்தத்தின் மேல் அவன் ரத்தம் விட்டு விட்டு அடித்தது.

மில் ஆட்கள் பரிதியை விட்டுவிட்டு அப்பாவின் மேல் பாய்ந்தார்கள்.

செம்மொழி எழுந்து ஓடினாள். அப்பாவிடம் ஓடத்தான் எழுந்தாள். ராஜராஜனைத் தாண்டும்போது அந்த ரத்தம் அடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டாள். அதைப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. இப்படியே விட்டால் வண்டி வருவதற்குள் இவன் போய்விடுவான். போனால் அது வெட்டுக் கேஸ் இல்லை, கொலைக் கேஸ். அப்பா வெளியில் வரவே மாட்டார். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, துப்பட்டாவை உருவி அவன் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, இரண்டு கட்டைவிரல்களையும் காயத்துக்குள் விட்டு அழுத்தினாள்.

முன்னால் அப்பாவை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக்கூடத் தூக்காமல் நின்றார். தலையில் ஒரு கம்பு விழுந்தது. முட்டி போட்டார். முதுகில் விழுந்தது. கவிழ்ந்தார். அவள் கையை எடுத்தால் இவன் சாவான், எடுக்காவிட்டால் அவர் சாவார். இப்படி ஓர் இடத்தில் தன்னைக் கொண்டுவந்து உட்கார வைத்த எல்லாரின் மேலும், கடவுளின் மேலும், அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“டேய்” என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. “எங்கப்பா மேல இன்னொரு அடி விழுந்துச்சு, நான் கைய எடுத்துருவேன். உங்க மொதலாளி இங்கயே செத்துருவாரு. பாக்குறீங்களா?”

பார்க்கட்டும் என்று ஒரு விரலை லேசாகத் தளர்த்தினாள். ரத்தம் அவள் முகத்தில் அடித்தது. ராஜராஜன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “எடுக்காத, எடுக்காதம்மா” என்றான். பிறகு ஆட்களைப் பார்த்து, “நிறுத்துங்கடா” என்று அழுதான். கம்புகள் நின்றன.

போலீஸ்காரர் எச்சில் கையோடு ஓடி வந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஓடிவர வேண்டிய வேகத்தில் ஓடி வந்தார்.

ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் அவள் விரலை எடுக்கவில்லை. ராஜராஜனை ஏற்றியபோது அவனுக்கு உயிர் இருந்தது, கால் இருக்குமா என்று சொல்ல முடியாது. அதற்குள் ஸ்டேஷனிலிருந்து ஜீப்பும் வந்தது. பரிதி வீங்கிய வாயோடு எழுந்து போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, “நாந்தான் வெட்டுனேன்” என்றான்.

“அவன் பொய் சொல்றான். ஊரே பாத்துச்சு, என்ன எழுதிக்குங்க” என்றார் அரசப்பன். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. துரைக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவரைக் கேட்டார்கள். அரசப்பன்தான் என்று தலையை ஆட்டினார்.

கத்தியை ஒரு காகிதத்தில் சுற்றி ஜீப்பில் வைத்தார்கள். விரிப்பில் இருந்த பூட்ஸையும் சொம்பையும் கோட்டையும்கூட, கேஸுக்கு வேண்டும் என்று அள்ளிக்கொண்டார்கள். காசு மட்டும் வீரனார் கழுத்திலேயே தொங்கியது. செம்மொழி தடுக்கவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் மாயவனும் வேண்டாம், அவர் சாமானும் வேண்டாம் என்றிருந்தது.

தலைக்குக் கட்டுப்போட விடுங்கள் என்று கெஞ்சி அப்பாவிடம் போனாள். அவர் ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்திருந்தார். புது வேட்டியைக் கிழித்து அவர் தலையில் சுற்றினாள்.

“ஏம்ப்பா?” என்றாள். “நீ போயி ஏம்ப்பா?”

அரசப்பன் திறந்திருந்த ஒரு கண்ணால் பரிதியைத் தேடினார்.

“அவன் அருவாளத் தொடலியே?”

“தொடல.”

“இன்னிக்கி இல்லன்னா நாளக்கித் தொட்டிருப்பான். இதக் கேட்டுட்டு அவன் சும்மா இருப்பானா. அவனுக்கு எங்க வெட்டுறது, எங்க நிறுத்துறதுன்னு தெரியாது. கழுத்துல போட்டுருவான். அதான் நான் முந்திக்கிட்டேன். காலோட நிறுத்திட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அவன சிங்கப்பூர் அனுப்பி வச்சுரு.”

காலையிலிருந்து அவள் தம்பியின் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் கோபம் வரும் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அழுதுகொண்டே அவர் கையைப் பிடிக்கப் போனாள்.

“வெலங்கு போடணும், தள்ளி நில்லும்மா” என்றார் போலீஸ்காரர்.